வரலாறும் தொன்மமும் ஒரே அட்டையில்: இணைப்பிதழ் ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ் இணைப்பிதழ்களுக்கு அட்டை வரைகிறவன் நான். வரலாறும் தொன்மமும் பின்னிக்கிடக்கும் கட்டுரைகள் வரும்போதெல்லாம் இளம் ஓவியர்களும் பக்க வடிவமைப்பாளர்களும், சில சமயம் வாசகர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் பூம்புகாரைத்தான் சொல்வேன். காப்பியம் கடல் கொண்டதாகச் சொல்லும் ஊரும் அதுதான், தொல்லியலார் தோண்டிச் செங்கல் கண்ட ஊரும் அதுதான்.

கட்டுரை கைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

பென்சிலைத் தொடாமல் கட்டுரையை முழுக்கப் படியுங்கள். பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பத்தியில் மண்ணிலும் கல்லிலும் கிடைத்தவை. பூம்புகார் என்றால், கீழையூரில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறை, அதில் படகு கட்ட நட்டிருந்த மரக்கம்பங்கள், பல்லவனீச்சுரத்தில் வெளிப்பட்ட பௌத்த விகாரை, புத்தபாதக் கல். இரண்டாம் பத்தியில் ஏட்டில் உள்ளவை. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என ஊர் இரண்டாக இருந்தது, நடுவே நாளங்காடி என்ற பகல்நேரச் சந்தை கூடியது, இந்திர விழா 28 நாள் நடந்தது, விழாவை மறந்ததால் மணிமேகலா தெய்வம் சினந்து ஊரைக் கடல் கொண்டது என்று காப்பியங்கள் சொல்பவை எல்லாம் இங்கே வரும். மூன்றாம் பத்தி உங்களுடையது. முகங்கள், வானத்தின் நிறம், அலையின் உயரம், கரையில் நிற்கும் கூட்டம்.

நடுப் பத்தியில்தான் நேரம் செலவாகும். ஏட்டில் உள்ளது எல்லாமே தொன்மம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊரின் அமைப்பைப் பற்றிய வரிகள் ஒரு புலவர் கண்ணால் கண்டதாகவோ, பார்த்தவர் சொல்லிக் கேட்டதாகவோ இருக்கலாம். தெய்வத்தின் சாபம் வேறு வகை. கடல் அரிப்பும் காவிரி முகத்துவாரத்தின் மாற்றங்களும் ஒரு துறைமுகத்தை அழிக்கப் போதுமானவை. ஆனால் அந்த ஊரை இழந்தவர்களுக்கு அந்தக் காரணம் போதவில்லை. அதனால்தான் கதை பிறந்தது. அந்த இழப்பின் கனம் அட்டையில் வர வேண்டும் என்றால் தெய்வத்தைப் படத்திலிருந்து விரட்டக் கூடாது.

இரண்டையும் ஒரே சட்டகத்தில் எப்படி நிறுத்துவது? குழம்பாதா?

நம் மண்ணின் சிற்பிகள் இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். நடுகற்களைப் பாருங்கள். கர்நாடகத்திலும் அதையொட்டிய தமிழகப் பகுதிகளிலும் அடுக்கு அடுக்காகச் செதுக்கிய நடுகற்கள் இருக்கின்றன. கீழ் அடுக்கில் வீரன் ஆநிரை மீட்கச் சண்டை போடுகிறான். நடு அடுக்கில் தேவமகளிர் அவனைத் தூக்கிச் செல்கிறார்கள். மேல் அடுக்கில் அவன் வீரர் உலகத்தில், சில கற்களில் சிவலிங்கத்தின் முன்னால், அமர்ந்திருக்கிறான். கல்லில் எழுத்தும் இருந்தால் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, இறந்தவன் பெயர் என்ன என்பது வரை கிடைக்கும். கீழே நடந்தது, மேலே நம்பியது. இடையில் ஒரு கிடைக்கோடு. பார்க்கிறவருக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வராது.

இந்த அடுக்கு முறை நாளிதழ்ப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும், பக்கமும் நெடுக்கு வாக்கில் இருப்பதால். பூம்புகார் அட்டைக்குக் கிடைக்கோடாகக் கடலின் நீர்மட்டத்தையே வைத்துக்கொள்ளலாம். நீருக்குக் கீழே செங்கல் வரிசையும் மரக்கம்பமும், நீருக்கு மேலே அலையாக எழும் தெய்வம். வீரனை மேலே தூக்கும் நடுகல்லின் வரிசை இங்கே வேறு பொருளில் வேலை செய்கிறது. ஊர் கீழே போகிறது, கதை மேலே எழுகிறது.

இரண்டாவது வழி மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தவம் என்பார்கள், பகீரதன் கங்கையைக் கொண்டுவந்தது என்பார்கள். இரண்டு கதைக்கும் இடம் கொடுக்கிறது அந்தக் கல். அங்கே கோடு போட்டுப் பிரிக்கவில்லை. பாறையில் இயற்கையாகவே இருந்த பிளவைச் சிற்பி ஆறாக்கி, அதில் நாகங்களை ஏற்றிவிட்டார். தேவர்களும் கந்தருவர்களும் பறக்கும் அதே பரப்பில், கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அந்த மானை நேரில் போய்ப் பாருங்கள். காட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து மானைக் கவனித்த ஒருவரால் மட்டுமே அந்தக் காலின் மடிப்பை அப்படிச் செதுக்க முடியும். அந்த ஒரு மானை நம்பியதும் அதற்கு மேலே பறப்பவர்களையும் கண் நம்பத் தொடங்கிவிடுகிறது. தொன்மத்தை வரையும்போது எங்கேனும் ஓரிடத்தில் அப்படி ஓர் உயிரைக் கொண்டுவந்துவிடுங்கள். வலையை உதறும் பரதவர் கை போதும்.

கோட்டிலும் வண்ணத்திலும் எப்படி வேறுபாடு காட்டுகிறீர்கள்?

கிடைத்த பொருளுக்கு நிப், கதைக்குத் தூரிகை. இது எனக்குப் பழகிப்போன முறை.

செங்கல் படகுத்துறையை அகழாய்வு அறிக்கையில் வரும் வரைபடம் போல, ஒரே தடிமனுள்ள மெல்லிய கறுப்புக் கோட்டில் வரைவேன். நிழலுக்குப் புள்ளிகள் மட்டும். அறிக்கைப் படத்தில் எந்தச் செங்கல் உடைந்திருக்கிறதோ அதை உடைந்ததாகவே வைப்பேன். காணாமல் போன மூலையை நிரப்ப மாட்டேன். சங்ககாலச் செங்கல் இன்றைய செங்கல்லைவிட நீளமும் அகலமும் கூடியது, அந்த விகிதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அலையும் தெய்வமும் தூரிகைக்கு உரியவை. கோடு பருக்கலாம், மெலியலாம், அறுந்துபோகலாம்.

சிரமமான இடம் இரண்டும் தொடும் எல்லை. தூரிகை அலை செங்கல்லின் மேல் படியும் இடத்தில் நிப் கோட்டை அழித்துவிடக் கூடாது. அலையின் வண்ணம் மெல்லிய படலமாக மேலே ஓட, அடியில் செங்கல்லின் விளிம்பு கறுப்பாகத் தொடர்ந்து தெரிய வேண்டும். கூர்ந்து பார்ப்பவருக்கு இது தோண்டிக் கிடைத்தது, இது சொல்லிக் கேட்டது என்பது விளங்கிவிடும். பார்க்காதவருக்கும் படம் படமாக நிற்கும். நான் அந்த எல்லையை மறைப்பதில்லை. அட்டையின் அழகே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, கிடைத்த பொருளுக்கு மண் நிறங்கள், கதைக்கு ஒரே ஒரு அழுத்தமான நிறம். அந்த ஒரு நிறத்தைப் பக்கத்தில் வேறெங்கும் பயன்படுத்த வேண்டாம் என்று வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காலப் பிழைகளை எப்படித் தவிர்ப்பது? எவை அதிகம் நேர்கின்றன?

சங்ககால ஊர் என்றதும் பின்னணியில் ஓங்கிய கோபுரம் வரைவதுதான் முதலிடம். தமிழகத்தில் கோயில்களைக் கல்லில் அமைக்கும் வழக்கம் பல்லவர் காலத்தில்தான் பரவுகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இந்தக் கோயிலை அமைத்தேன் என்று மண்டகப்பட்டுக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் பெருமையோடு பொறித்து வைத்தது 7ஆம் நூற்றாண்டில். இன்று நாம் பார்க்கும் பல நிலை ராஜகோபுரங்கள் அதற்கும் பல நூற்றாண்டு பிந்தியவை. கரிகாலன் பின்னால் ராஜகோபுரம் நின்றால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது எழுத்து. கொடியிலோ பானை ஓட்டிலோ இன்றைய தமிழ் எழுத்தைப் போடாதீர்கள். கீழடியிலும் மற்ற இடங்களிலும் பானை ஓடுகளில் கிடைத்திருப்பது தமிழி எழுத்து, அதாவது தமிழ்-பிராமி. அதன் எழுத்து அட்டவணை எளிதாகக் கிடைக்கிறது. எழுதிய பெயரைக் கல்வெட்டு தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செடிகொடிகளை யாரும் கவனிப்பதே இல்லை. பழங்காலக் கடற்கரையில் சப்பாத்திக்கள்ளியும், வீட்டு முற்றத்தில் பப்பாளியும், தோப்பில் முந்திரியும் சர்வசாதாரணமாக வரையப்படுகின்றன. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகே இங்கு வேர்விட்டவை. நெய்தல் நிலத்துக்குத் தாழையும் புன்னையும் ஞாழலும் இருக்கும்போது நமக்கு என்ன குறை?

குதிரை வீரனின் காலில் இரும்பு அங்கவடி, பெண்களுக்குத் தைத்த ரவிக்கை, சோழ வீரனுக்கு ஐரோப்பியப் பாணி உலோகக் கவசம். இந்த மூன்றும் திரைப்படங்களையும் தொடர்களையும் பார்த்துப் பழகிய கையிலிருந்து தானாக வந்துவிடும். ரஃப், அதாவது முதல்கட்ட வரைவு, முடிந்ததும் ஒருமுறை இதற்காகவே படத்தைச் சல்லடை போட்டுப் பாருங்கள்.

தொன்மப் பகுதியில் இந்தக் கட்டுப்பாடு வேண்டாமே என்று கேட்பார்கள். தெய்வத்துக்குக் காலம் இல்லை என்பது சரி. ஆனால் தெய்வத்தின் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்குக் காலம் உண்டு.

சிலையோ ஓவியமோ கிடைக்காத மன்னரின் முகத்தை எப்படி வரைவது?

முடிந்தவரை வரையாமல் இருப்பது என் வழி. முதுகைக் காட்டலாம், ஆற்றங்கரையில் நீளும் நிழலை வரையலாம், அணை கட்டும் கூட்டத்தைக் கையால் ஏவும் தொலைவு உருவமாக வைக்கலாம். சங்ககாலக் கரிகாலனுக்கு அவன் காலத்து உருவம் எதுவும் இல்லை. சதுரச் செப்புக் காசுகளில் புலியும் யானையும் உண்டு, அவன் முகம் இல்லை. ராஜராஜனுக்கே பாருங்கள், தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிச்சத்துக்கு வந்தன. அதில் கருவூர்த்தேவரோடு நிற்பவர் ராஜராஜன்தான் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

ஒரு முகத்தை வரைவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குத் திருவள்ளுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேணுகோபால் சர்மா மனத்தில் கண்டு வரைந்த உருவம் 1964இல் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. இன்று பேருந்திலும் பள்ளிச் சுவரிலும் பாடநூலிலும் அந்தத் தாடியும் எழுத்தாணியும்தான் வள்ளுவர். அவர் எப்படி இருந்தார் என்பதற்குச் சான்று ஒன்றும் இல்லை, ஆனால் வேறு முகத்தை நம் மனம் ஏற்காது. நீங்கள் அட்டையில் வரையும் முகத்தையும் எங்கோ ஒரு மாணவர் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார். முகம் வரைந்தே ஆக வேண்டிய கட்டுரை என்றால், அதே காலத்துச் சிற்பங்களின் முக அமைப்பைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தூரிகைப் பகுதியில், அதாவது கதையின் பக்கத்தில், அவரை நிறுத்துங்கள்.

தெய்வ உருவங்களை வரையும்போது என்ன கவனம் தேவை?

எந்தக் கையில் எந்தப் பொருள், எந்தக் கால் ஊன்றியது, எது தூக்கியது என்பதைச் சிற்பத்தைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள். காலண்டர் படத்தை நம்பி இறங்காதீர்கள். ரவிவர்மாவின் அச்சுப் படங்களுக்குப் பிறகு தெய்வங்கள் எல்லாரும் 19ஆம் நூற்றாண்டுச் சேலை உடுத்தத் தொடங்கிவிட்டார்கள். பக்தி சார்ந்த கட்டுரைக்கு அது பொருத்தமாக இருக்கலாம். பல்லவர் காலத்தைப் பற்றிய கட்டுரைக்குப் பொருந்தாது.

பக்க வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருவம் தலைப்பைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடாதீர்கள். தில்லை நடராசர் இடக்காலைத் தூக்கி ஆடுகிறார். மதுரை வெள்ளியம்பலத்தில் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார், அதற்கென்றே தனிக் கதை உண்டு. கணினியில் ஒரு சொடுக்கில் நீங்கள் சிதம்பரத்தை மதுரைக்குக் கொண்டுபோய்விடுவீர்கள்.

குமரிக்கண்டம் பற்றிய கட்டுரைக்கு வரைபடம் போட்டுத் தரச் சொல்கிறார்கள். போடலாமா?

அட்ச, தீர்க்கக் கோடுகளும் அளவுகோலும் போட்ட நில வரைபடமாக மட்டும் போடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இந்தக் கருத்துக்கு இரண்டு வேர்கள். ஒன்று, இறையனார் களவியல் உரையிலும் பிற உரைகளிலும் வரும் கடல்கோள் செய்தி, முன்னைச் சங்கங்கள் இருந்த நிலத்தைக் கடல் கொண்டது என்பது. மற்றொன்று இங்கிலாந்தில் முளைத்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகை உயிரினங்களின் தடயம் இருப்பதை விளக்க, நடுவே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கும் என்று விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர் 1864இல் எழுதி, லெமூர் குரங்கினத்தை வைத்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். பிற்காலத்தில் கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபோது அந்த நிலப்பாலத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அதற்குள் இங்கே இரண்டு வேர்களும் பின்னி ஒரே மரமாகிவிட்டன.

கடல்கோள் நினைவு தமிழ் மனத்தில் ஆழமானது, அதை வரைய வேண்டும். எனக்கு அதில் மாறுபாடே இல்லை. ஆனால் அட்லஸ் பாணியில் போட்ட வரைபடம் தானாகவே நான் அளக்கப்பட்டவன் என்று சொல்லும். வாசகர் அதோடு வாதாட முடியாது. அதற்குப் பதில் ஓர் ஏட்டுச் சுவடியை வரையுங்கள், அதன் விளிம்பிலிருந்து நீர் வழியட்டும், நீருக்குள் மலைகள் தெரியட்டும். ஏட்டிலிருந்து வருகிறது என்பது படத்திலேயே இருக்கிறது, வியப்பும் குறையவில்லை.

செயற்கை நுண்ணறிவில் நிஜப் புகைப்படம் போலவே உருவாக்கிவிடலாமே?

நாளிதழில் புகைப்படம் என்பது நடந்ததற்கான சான்று. கடலடியில் மூழ்கிய பொற்கோபுரத்தைப் புகைப்படத் தோற்றத்தில் அச்சிட்டால், கட்டுரை எவ்வளவு பொறுப்போடு எழுதப்பட்டிருந்தாலும் அட்டை பொய்ச் சாட்சி சொல்லிவிடும். படத்தை மட்டும் வெட்டி அனுப்பும் காலம் இது, கட்டுரை கூடவே போகாது. அந்தக் கருவிகள் காலப் பிழைகளையும் அள்ளிக் கொட்டுகின்றன. எழுத்தைக் கேட்டால் பிழையாகவோ வெறும் கிறுக்கலாகவோ தந்துவிடுவதும் உண்டு. எந்த முறையில் உருவாக்கினாலும், கையால் வரைந்தது என்று பார்த்ததும் தெரியும் தோற்றம் வேண்டும் என்பேன். கூடவே படத்தின் ஓரத்தில் ‘கற்பனைச் சித்திரம்’ என்ற வரி இருக்கட்டும். அதைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள், வெட்டும்போது கூடவே போகும்.

நியூஸ்பிரிண்டில் அச்சாகும்போது வண்ணங்கள் ஏன் மங்கிப்போகின்றன?

நியூஸ்பிரிண்ட் சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவே உள்ள மெல்லிய தாள். வெள்ளையும் அல்ல, சாம்பல் கலந்த நிறம். மையை உறிஞ்சி, படத்தை உருவாக்கும் அச்சுப் புள்ளிகளை விரியவிடும். நாளிதழ் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-3 தரத்திலேயே இந்த விரிவு 26 சதவீதம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நீங்கள் 50 சதவீதம் என்று கொடுத்த சாயல் தாளில் 75ஐத் தாண்டித் தெரியும். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும், பின்பக்கத்துக்கும் ஊடுருவும்.

ஆழ்கடல் வேண்டும் என்று நான்கு மையையும் கொட்டினால் கிடைப்பது சேறு. சியான் 80, மெஜந்தா 40, கறுப்பு 30 என்று மொத்தம் 150க்குள் நிறுத்திப் பாருங்கள், கடல் கடலாகவே வரும். ஆழத்தைப் பக்கத்தில் இருக்கும் வெளிச்சத்தால் காட்டுங்கள்.

நிப் கோடுகள் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். வேகமாக ஓடும் தாளில் நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினாலே, நான்கு மையில் போட்ட மெல்லிய கோடு நான்கு கோடாகப் பிரிந்துவிடும். படத்தை அச்சாகும் அளவிலேயே 200 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 200 பிக்சல், கொடுத்தால் போதும். கோட்டோவிய அடுக்கை மட்டும் தனியாக 600க்கு மேல் கொடுங்கள். திரையில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தாளில் வண்ணம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் ஐசிசி ப்ரொஃபைலில், நாளிதழ் அச்சுக்கானதைப் போட்டுப் பாருங்கள், அச்சகத்தார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தலைப்புக்கும் மடிப்புக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும்?

ரஃப் போடும்போதே இதழின் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் உண்மையான அளவில் வைத்துவிடுங்கள். அடியில் விளம்பரம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் அது வந்து கீழ் அடுக்கை விழுங்கினால் உங்கள் படகுத்துறை முழுக்கப் போய்விடும், தெய்வம் மட்டும் மிஞ்சும். பெரிய தாள் என்றால் நடுவில் மடிப்பு விழும். முகத்தையும் கையையும் மடிப்பில் வைக்காதீர்கள். அடுக்கு முறையில் வரைகிறவர்களுக்கு மடிப்பு ஒரு வரம், நீர்மட்டக் கோட்டை அதற்குச் சற்று மேலே வைத்தால் கடையில் மடித்துத் தொங்கும்போது கதை தெரியும், விரித்ததும் மண்ணுக்கடியில் இருப்பது தெரியும்.

ஆசிரியர் ‘இன்னும் பிரம்மாண்டமாக’ வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

தூரிகைப் பகுதியைப் பெரிதாக்குங்கள், அலையை உயர்த்துங்கள், தெய்வத்தின் கூந்தலைப் பக்கம் முழுக்க விரியவிடுங்கள். செங்கல்லைத் தொடாதீர்கள்.

வாசகர்கள் இரண்டு பக்கமிருந்தும் கோபப்படுகிறார்களே?

புராணத்தை வரலாறாக்கிவிட்டீர்கள் என்று ஒருவரும், எங்கள் வரலாற்றைக் கட்டுக்கதை ஆக்கிவிட்டீர்கள் என்று இன்னொருவரும் ஒரே அட்டைக்கு எழுதுவார்கள். இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுத வேண்டும். முதலில் போட்ட மூன்று பத்தித் தாளை இதற்காகவே வைத்திருக்கிறேன். படத்தில் உள்ள ஒவ்வொன்றும் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று எழுதி அனுப்பினால், கோபமாக எழுதியவர்களில் பலர் அடுத்த கடிதத்தில் நல்ல தகவல் தந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கல்லும் குளமும் எந்த அறிக்கையிலும் இருக்காது.

மாதிரிக்கு நேரில் எங்கே போய் வரையலாம்?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் மணிகள், பானைகள், ஓடுகள் எல்லாம் கண்ணருகே கிடைக்கும். பூம்புகாரிலும் ஓர் அருங்காட்சியகம் உண்டு, பல்லவனீச்சுரம் விகாரையின் அடித்தளமும் படகுத்துறை தோண்டிய இடமும் அந்த வட்டாரத்திலேயே. படம் எடுக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் ஸ்கெட்ச் நோட்டு போதும். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் அதன் நீள அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கையளவுள்ள மணிப்பானையை அட்டையில் குடம் அளவுக்கு வளர்த்துவிடாமல் அது காப்பாற்றும். காலையிலேயே போய்விட்டால் சாய்வெயிலில் செங்கல் வரிசையின் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும்.